ஆடுவதற்கு முன்பே கூடத்தைக் கோணலாக்குகிறவர்கள்: போட்டித் தேர்வுகளில் நமக்கு நாமே போடும் தடைகள்

2023-ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10,16,850 பேர். மே 28 அன்று முதல்நிலைத் தேர்வுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் 5,92,141 பேர். இது தேர்வை நடத்தும் யுபிஎஸ்சியே வெளியிட்ட கணக்கு. மீதி நான்கே கால் லட்சம் பேர் தேர்வு மையத்துக்கே வரவில்லை. 2024 ஜூனில் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்விலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம், எழுதியவர்கள் சுமார் 16 லட்சம்.

வராதவர்கள் அத்தனை பேரும் பயந்து ஒதுங்கியவர்கள் என்று சொல்வது அநியாயம். யுபிஎஸ்சி முதல்நிலைக்குக் கட்டணமே 100 ரூபாய்தான். பெண்கள், எஸ்சி, எஸ்டி பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் அதையும் கட்ட வேண்டியதில்லை. அதனால் "சும்மா போட்டு வைப்போம்" என்று போட்டவர்கள் இருப்பார்கள். இடையில் வேலை கிடைத்தவர்கள், உடம்புக்கு முடியாமல் போனவர்கள், வேறு தேர்வோடு தேதி மோதியவர்கள் என்று நியாயமான காரணங்களும் நிறைய. எத்தனை முறை எழுதலாம் என்ற அட்டெம்ப்ட் கணக்கு வேறு இருக்கிறது. பொதுப் பிரிவினருக்கு 6, ஓபிசி பிரிவினருக்கு 9. முதல்நிலையின் ஒரு தாளை எழுதினாலே ஒரு அட்டெம்ப்ட் போய்விடும். விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் போகாது. ஆகவே தயாராகாத ஆண்டில் ஒதுங்கிக்கொள்வது ஒரு கணக்காகவே நடக்கிறது.

ஆனால் அட்டெம்ப்ட் வரம்பே இல்லாத குரூப் 4-லும் ஐந்தில் ஒருவர் வருவதில்லை. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு தனி ரகம் உண்டு. இரண்டு மூன்று வருடம் உட்கார்ந்து படித்தவர். நோட்ஸ் பக்காவாக வைத்திருப்பவர். பக்கத்தில் இருப்பவருக்குச் சந்தேகம் வந்தால் தீர்த்து வைப்பவரும் அவர்தான். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது "இந்த வருஷம் ரெடி ஆகல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். அடுத்த வருடமும் அதையேதான் சொல்வார். இவரைச் சோம்பேறி என்று திட்டுவதாலும் பயனில்லை, "உன்னால் முடியும்" என்று தட்டிக்கொடுப்பதாலும் பயனில்லை. இரண்டுமே, அவர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் இந்தத் தடை எதற்காகப் போடப்பட்டது என்பதைக் கவனிக்கத் தவறுகின்றன.

இரண்டு மாத்திரைகள்

1978-ல் ஸ்டீவன் பெர்க்லஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். மருந்துகள் அறிவுத்திறனை எப்படிப் பாதிக்கின்றன என்று பார்ப்பதாக மாணவர்களிடம் சொல்லப்பட்டது. முதலில் ஒரு தேர்வு. ஒரு பிரிவுக்கு, போட்டால் விடை வரக்கூடிய கணக்குகள். இன்னொரு பிரிவுக்குப் பெரும்பாலும் விடையே இல்லாத கணக்குகள். முடிந்ததும் இரு பிரிவினருக்கும் ஒரே பாராட்டு: "பிரமாதமாகச் செய்திருக்கிறீர்கள்." இரண்டாவது தேர்வுக்கு முன்னால் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஆக்டாவில் என்பது மூளையைச் சுறுசுறுப்பாக்கும், பாண்டோக்ரின் என்பது மந்தமாக்கும் என்று விளக்கமும் தந்தார்கள். இரண்டும் கற்பனைப் பெயர்கள். யார் எதை எடுக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதுதான் உண்மையான நோக்கம்.

தன் உழைப்பால் விடை கண்டவர்கள் பெரும்பாலும் சுறுசுறுப்பு மருந்தைக் கேட்டார்கள். விடையில்லாத கணக்குகளைக் குத்துமதிப்பாகக் குறித்துவிட்டுப் பாராட்டு வாங்கியவர்கள், குறிப்பாக ஆண்கள், மந்தமாக்கும் மருந்தைக் கேட்டார்கள். ஏன் பாராட்டு கிடைத்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை, அதனால் அதைத் திரும்பவும் வாங்க முடியும் என்ற நம்பிக்கையும் இல்லை. மந்த மருந்தைச் சாப்பிட்டுவிட்டால் தோற்றாலும் "மருந்துதான் காரணம்" என்று சொல்லிவிடலாம். தப்பித்தவறி நன்றாகச் செய்துவிட்டால் "மருந்தையும் மீறி" என்ற கூடுதல் பெருமை. எப்படிப் பார்த்தாலும் "இவனுக்கு மூளை இல்லை" என்ற தீர்ப்பு வராது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் ஊர்ப் பழமொழி. அவளாவது ஆடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். இவர்கள் அரங்கேற்றத்துக்கு முந்தைய இரவே கடப்பாரையோடு போய்க் கூடத்தைக் கோணலாக்கிவிட்டு வருகிறவர்கள். அதுவும் ஆடத் தெரியாததால் செய்வதில்லை. தெரியுமா தெரியாதா என்பது ஊருக்கு முன்னால் முடிவாகிவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது.

இந்தத் தடையை வளர்ப்பதில் வீட்டுக்கும் பங்கு உண்டு. "எங்க பையனுக்கு மூளை நல்லா இருக்கு சார், படிக்கத்தான் மாட்டேங்கிறான்" என்று பெற்றோர் சொல்லும்போது பையன் பக்கத்தில்தான் நிற்கிறான். படிக்காமல் இருக்கும்வரை தான் மூளைக்காரன் என்ற பட்டம் பத்திரமாக இருக்கும் என்பதை அவன் புரிந்துகொள்கிறான். ராப்பகலாகப் படித்து, எழுதி, மதிப்பெண் வராமல் போனால்தான் அந்தப் பட்டத்துக்கு ஆபத்து. 1998-ல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளும் இதையே காட்டின. "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்த முறை சுலபமான கணக்குகளின் பக்கம் சாய்ந்தார்கள். "நன்றாக முயற்சி செய்தாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் கற்றுக்கொள்ளக்கூடிய கடினமான கணக்குகளைக் கேட்டார்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பள்ளி முதல் மாணவராக வந்தவர்களில் சிலர் போட்டித் தேர்வு என்றதும் தயங்கி நிற்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. காப்பாற்ற வேண்டிய பெயர் அவர்களுக்குத்தான் பெரியது.

"சிலபஸை முடிச்சிட்டு டெஸ்ட் எழுதுறேன்"

இந்தத் தடை எப்போதும் நல்ல உடை உடுத்திக்கொண்டுதான் வரும். தேர்வுக்கு முந்தைய இரவு படம் பார்ப்பது யாருக்கும் தெரியும்படியான கோணல். அப்படிச் செய்கிறவர்கள் குறைவு. பெரும்பாலும் அது படிப்பு போலவே இருக்கும். டெலிகிராம் குழுக்களிலிருந்து பிடிஎஃப் சேர்த்துக்கொண்டே இருப்பது, ஒரே பாடத்துக்கு மூன்று புத்தகம் வாங்குவது, பாதியில் விருப்பப் பாடத்தை மாற்றுவது, ஒரு நாளைக்கு 14 மணி நேரம் என்று அட்டவணை போட்டு மூன்றாம் நாளே அதைக் கைவிடுவது. கடைசியாகச் சொன்னதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நடக்கவே முடியாத திட்டம் தோற்றால் யாரும் ஆளைக் குறை சொல்ல மாட்டார்கள், திட்டத்தைத்தான் சொல்வார்கள்.

இவற்றில் மிக அதிகமாகச் சேதம் செய்வது மாதிரித் தேர்வைத் தள்ளிப்போடுவது. "சிலபஸ் முழுசா முடியட்டும், ரெண்டு ரிவிஷன் போகட்டும், அப்புறம் டெஸ்ட் எழுதுறேன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நினைவு வேலை செய்யும் விதம் அப்படியில்லை. 2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் மாணவர்களுக்கு உரைப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு முறை திரும்பப் படிப்பது, ஒரு முறை பார்க்காமல் எழுதிப் பார்ப்பது என்று இரண்டு வழிகள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம்.

இந்த நான்கு எண்களில் ஏமாற்றும் எண் 81-தான். திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். அந்த நிம்மதிக்காகவே மூன்றாவது ரிவிஷன், நான்காவது ரிவிஷன் என்று போகிறது. தேர்வோ ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

மாதிரித் தேர்வு கசப்பதற்குக் காரணம் மதிப்பெண். அதனால் முதல் மூன்று தேர்வுகளில் மதிப்பெண்ணையே போடாமல் விடுங்கள். படிக்கத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் முதல் தேர்வு இருக்கட்டும். முந்தைய ஆண்டு வினாத்தாளிலிருந்து, படித்து முடித்த ஓரிரண்டு பாடங்களில் மட்டும், 25 கேள்விகள், 20 நிமிடம். கைபேசியில் தட்டாமல் ஓஎம்ஆர் தாளை அச்செடுத்துப் பேனாவால் வட்டமிடுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: படிக்கவே இல்லை, படித்தது மறந்துவிட்டது, இரண்டு விடைகளுக்குள் தடுமாறியது, கேள்வியைத் தப்பாகப் படித்தது, அதாவது "தவறானது எது" என்பதைச் "சரியானது எது" என்று எடுத்துக்கொண்டது. மூன்று தேர்வுகள் போனால் எந்தக் காரணம் அதிகம் என்று தெரிந்துவிடும். "நான் மக்கு" என்ற தீர்ப்புக்குப் பதிலாக "கேள்வியின் கடைசி வார்த்தையை நான் படிப்பதில்லை" என்ற தகவல் கையில் இருக்கும். முன்னதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பின்னதை ஒரு வாரத்தில் சரிசெய்யலாம்.

முதல்நிலைக்கு அடுத்த எழுத்துத் தேர்வான மெயின்ஸுக்கும் இதே முறைதான், அளவு மட்டும் வேறு. பொது அறிவுத் தாள் ஒவ்வொன்றும் 250 மதிப்பெண். அவற்றில் முதல் மூன்று தாள்களில் 3 மணி நேரத்தில் 20 கேள்விகள், 10 மதிப்பெண்ணில் பத்து, 15 மதிப்பெண்ணில் பத்து. 10 மதிப்பெண் கேள்விக்கு 7 நிமிடம், 15 மதிப்பெண் கேள்விக்கு 11 நிமிடம் என்று வைத்தால் 180 நிமிடம் சரியாகப் போய்விடும். "முதல்நிலை பாஸ் ஆகட்டும், அப்புறம் எழுதிப் பழகலாம்" என்பவருக்கு நடுவில் கிடைப்பது மூன்று மாத அளவு அவகாசம். தினம் ஒரு கேள்வி, 150 வார்த்தை, 7 நிமிடம். எழுதியதை அன்றே இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். பலரும் தடுக்கி விழும் படி இதுதான். எழுதுவார்கள், காட்ட மாட்டார்கள். "இன்னும் கொஞ்சம் நல்லா எழுதிட்டுக் காட்டுறேன்" என்பதும் கூடத்தைக் கோணலாக்கும் வேலைதான்.

"எனக்குக் கணக்கு வராது"

பலரும் தங்கள் மேல் ஒட்டிக்கொள்ளும் லேபிள் இது. அதன் விலையைப் பார்க்கலாம். குரூப் 4-ல் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 25 கேள்விகள், அதாவது 37.5 மதிப்பெண், திறனறிவும் கணக்கும். 16 லட்சம் பேர் எழுதும் தேர்வில் 200 கேள்விகள் என்றால், சராசரியாக ஒரு கேள்வி வித்தியாசத்துக்குள் 8,000 பேர் நிற்கிறார்கள். யுபிஎஸ்சி முதல்நிலையின் இரண்டாம் தாளான சிசாட் என்ற திறனறிவுத் தாளுக்கு 33 சதவீதம் எடுத்தால் போதும், ரேங்குக்கு அந்த மதிப்பெண் கணக்கில் வராது. அதனாலேயே அதைத் தொடாமல் விட்டு, முதல் தாளில் நன்றாக எழுதியும் வெளியே போனவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. 80 கேள்விகளில் பிழையில்லாமல் 27 போட்டால் 67.5 வந்துவிடும்.

இந்த லேபிள் எப்படி ஒட்டுகிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வும் அதன் திருத்தமும் உதவும். 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் இருவரும் தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள், பின்னர் தப்பிக்க வழி கிடைத்தபோதும் பெரும்பாலும் அப்படியே படுத்துக் கிடந்ததைக் காட்டினார்கள். கையாலாகாத்தனத்தை அவை "கற்றுக்கொண்டன" என்று அப்போது விளக்கினார்கள். 2016-ல், மூளை ஆய்வுகளை வைத்து, அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவது இயல்பான எதிர்வினை, அதைக் கற்க வேண்டியதில்லை. "நான் செய்தால் மாறும்" என்பதைத்தான் மூளை கற்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை முன்மூளைப் பகுதி உணரும்போது செயலற்ற நிலை அடங்குகிறது.

நடைமுறையில் இதன் பொருள்: எட்டாம் வகுப்பில் விழுந்த பயத்தைத் தேடிப்போய் அழிக்க வேண்டியதில்லை. செய்தவுடன் பலன் தெரியும் சின்ன வேலைகளை அடுக்க வேண்டும். "கணக்கு" என்ற முழுப் பாடத்தைத் தொடாதீர்கள், தனிவட்டியை மட்டும் எடுங்கள். "ஒரு தொகை தனிவட்டியில் 8 ஆண்டுகளில் இரட்டிப்பானால் வட்டி வீதம் என்ன?" இந்த வகைக் கேள்வி டிஎன்பிஎஸ்சியில் வழக்கமானது. கணக்கு வராது என்பவர் உடனே சூத்திரத்தைத் தேடுவார், நினைவுக்கு வராது, விட்டுவிடுவார். சூத்திரத்தை மறந்துவிட்டு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டிப்பாவது என்றால் 200 ஆவது. வட்டி மட்டும் 100. அது 8 வருடத்துக்கு. ஒரு வருடத்துக்கு 12.5 ரூபாய். 100 ரூபாய்க்கு வருடம் 12.5 ரூபாய் என்றால் வீதம் 12.5 சதவீதம். அடுத்து "மூன்று மடங்காக" என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள்: வட்டி 200, எட்டால் வகுத்தால் 25 சதவீதம். ஆண்டை மாற்றுங்கள், வீதத்தைக் கொடுத்து ஆண்டைக் கண்டுபிடியுங்கள். ஒரே கேள்வியைப் பத்து விதமாக மாற்றிப் போட அரை மணி நேரம் போதும். அதன் பிறகு சதவீதம், விகிதம், மீ.பொ.கா., மீ.சி.ம., நேரமும் வேலையும். எல்லாம் பள்ளிப் புத்தகத்தில் உள்ளவைதான்.

இதில் கெட்டுப்போகும் இடம் யூடியூப். ஷார்ட்கட் வீடியோவைப் பேனா இல்லாமல் பார்த்தால் மேலே சொன்ன 81 சதவீத நிம்மதிதான் மிஞ்சும். ஆசிரியர் கணக்கைப் போடத் தொடங்கும் முன் நிறுத்தி, இரண்டு நிமிடம் தானே முயன்றுவிட்டுத்தான் ஓட விட வேண்டும்.

தெரியாத கேள்விக்கு முன்னால்

தேர்வறைக்குள்ளும் இந்தத் தடை கூடவே வரும். "தப்பாகிவிடுமோ" என்று தொடாமல் விடுவது நிதானம் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

யுபிஎஸ்சி முதல் தாளில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.66 பிடித்தம். நான்கு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. கூட்டிக் கழித்தால் பூஜ்யம். லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஆனால் நான்கு விடைகளில் ஒன்று நிச்சயம் தவறு என்று தெரிந்தால் கதை மாறுகிறது. அப்படிப்பட்ட மூன்று கேள்விகளில் ஒன்று சரியாகும், இரண்டு தவறாகும், 2-இல் 1.33 போனால் 0.67 லாபம். இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் இரண்டு கேள்விக்கு 1.34 லாபம். ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்த கேள்வியைத் தொடாமல் வருவது நீண்ட கணக்கில் நஷ்டமே.

டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்குப் பிடித்தமே இல்லை. ஆனாலும் யுபிஎஸ்சி பயத்தை அங்கேயும் தூக்கிக்கொண்டு போய், "விடை தெரியவில்லை" என்பதற்கான ஐந்தாவது வட்டத்தை நிரப்பிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாத 20 கேள்விகளில் குத்துமதிப்பாகக் குறித்தாலே சராசரியாக 5 சரி, 7.5 மதிப்பெண்.

எழுதலாமா வேண்டாமா என்ற முடிவும் இதே வகைதான். 2022 முதல்நிலையில் பொதுப் பிரிவு கட்-ஆஃப், அதாவது தேற வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண், 200-க்கு 88.22. அதை மனதில் வைத்து "எனக்கு 80-தான் வருது" என்று 2023-ல் ஒதுங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். தாள் கடினமாக வந்து, அந்த ஆண்டு கட்-ஆஃப் 75.41-க்கு இறங்கியது. கட்-ஆஃபை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. எனவே "ரெடி ஆகல" என்பதை உணர்விலிருந்து எடுக்காமல் தாளிலிருந்து எடுங்கள். கடைசி ஆறு வாரத்தில் தேர்வு நேரத்திலேயே, காலை ஒன்பதரைக்கு, நான்கு முழு மாதிரித் தேர்வுகள். சராசரி முந்தைய கட்-ஆஃபை விட 25, 30 குறைவு என்றால், அட்டெம்ப்ட் வரம்பு உள்ளவர் ஒதுங்குவதில் நியாயம் இருக்கிறது. ஒரு மாதிரித் தேர்வுகூட எழுதாதவரிடம் "ரெடி ஆகல" என்று சொல்ல ஆதாரமே இல்லை.

மேசை மேல் ஒட்டிய "ஐஏஎஸ்"

சுவரில் வாசகம், மேசையில் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து, வீட்டில் "வாங்க கலெக்டர் சார்" என்ற கிண்டல் கலந்த வரவேற்பு. இவை உற்சாகம் தரும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். கேப்ரியேல் ஓட்டிங்கன், டோரிஸ் மேயர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு வேறு சொன்னது. படிப்பை முடித்து வேலை தேடிய பட்டதாரிகளில் வெற்றியை அதிகமாகக் கற்பனை செய்து ரசித்தவர்கள், இரண்டு வருடம் கழித்துக் குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வேலை வாய்ப்பும் சம்பளமும் குறைவு. ஜெயிக்க வாய்ப்பிருக்கிறது என்று எதிர்பார்ப்பது வேறு, ஜெயித்துவிட்டதாகக் கனவு காண்பது வேறு. முன்னது உதவியது, பின்னது காலை வாரியது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் "நான் நேசிக்கத்தக்கவன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது அவர்களின் மனநிலை இன்னும் மோசமானதாக 2009-ல் ஜோவான் வுட் குழுவினர் கண்டார்கள். உள்ளுக்குள் ஒரு குரல் "பொய்" என்று சொல்லிக்கொண்டே இருக்குமே.

ஓட்டிங்கன் தரும் மாற்று வழி: ஆசை, அது நிறைவேறினால் வரும் பலன், அதைத் தடுக்கும் உள் தடை, அந்தத் தடை வந்தால் செய்ய வேண்டியது என்ற நான்கையும் இதே வரிசையில் எழுதுவது. நான்காவது வரிதான் உயிர். பீட்டர் கோல்விட்சர் அதை "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவத்தில் எழுதச் சொல்கிறார். அவரும் ஃபெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டிய மாணவர்களில், எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்கள் நான்கில் மூன்று பேர் உரிய நேரத்தில் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒருவர்தான்.

வடிவம் எளிது, கெடுக்கும் விதங்களும் எளிது. "நேரம் கிடைத்தால் டெஸ்ட் எழுதுவேன்" என்பது திட்டமே இல்லை. நேரம் எப்போது கிடைத்தது என்று யாருக்குத் தெரியும்? "ஞாயிறு காலை டீ குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும், மேசையில் இருக்கும் ஓஎம்ஆர் தாளில் பதிவெண்ணை எழுதுவேன்" என்பது திட்டம். இரண்டாவது பிழை, தடையை வெளியே தேடுவது. "கரண்ட் போனால்" என்று எழுதுவது சுலபம். "மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் இரண்டு நாள் புத்தகத்தையே தொடாமல் விடுவேன்" என்று எழுதத்தான் கை வராது. எழுத வேண்டியது அதைத்தான். மூன்றாவது, ஒரே நாளில் பத்து வாக்கியம் எழுதுவது. இரண்டு போதும். அவை பழகிய பிறகு மூன்றாவதைச் சேருங்கள்.

அட்டவணை விஷயத்திலும் நம் மதிப்பீடு நம்மை ஏமாற்றும். 1994-ல் ரோஜர் பியூலர் குழுவினர் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். ஆனது 55.5 நாள். எல்லாமே சொதப்பினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சொன்ன பதிலே 48.6 நாள்தான், அதையும் தாண்டிவிட்டது. ஆகவே "நாளைக்கு 60 பக்கம்" என்று எழுதும் முன் போன வாரம் ஒரு நாளைக்கு உண்மையில் எத்தனை பக்கம் முடிந்தது என்று எண்ணுங்கள். 25 என்றால் நாளைக்கும் 25-தான். நாளை நீங்கள் வேறு ஆளாக எழுந்திருக்கப் போவதில்லை.

ஒரு நாள் விட்டுப்போனால்? "திங்கட்கிழமையிலிருந்து ஃப்ரெஷ்ஷா" என்பதுதான் வழக்கம். மைக்கேல் வோல், திமோதி பிச்சில், ஷானன் பென்னட் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் இரண்டாவது தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். தன்னையே திட்டிக்கொள்வது கண்டிப்பு போலத் தெரிந்தாலும், புத்தகத்தைப் பார்த்தாலே குற்ற உணர்வு வரும்படி செய்து, புத்தகத்திடமிருந்தே ஓட வைக்கிறது. விட்டுப்போன பாடத்தை அடுத்த நாள் தலையில் ஏற்றாதீர்கள். வாரத்தில் அரை நாளை ஒன்றும் திட்டமிடாமல் காலியாக வைத்து, அதில் தள்ளுங்கள்.

எல்லாத் தடையும் நம்முடையதல்ல

இந்த மாதிரி எழுத்துகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இது. "தடை உன் மனதில்தான் இருக்கிறது" என்று வாடகை கட்ட முடியாதவரிடம் சொல்வது அபத்தம். யுபிஎஸ்சி முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. மெயின்ஸைத் தமிழில் எழுதலாம் என்றாலும், தமிழ்வழியில் படித்தவருக்கு முதல் படி உண்மையிலேயே உயரம்தான். பெண்களுக்கு "இந்த வருஷத்தோட போதும், வரன் பார்க்கணும்" என்ற கெடு அட்டெம்ப்ட் வரம்பை விடக் கடுமையானது.

இரண்டையும் பிரிக்க ஒரு கேள்வி உதவும்: இந்தத் தடை நாளைக் காலை நீங்கிவிட்டால், அடுத்த 48 மணி நேரத்தில் என்ன செய்வேன்? "மாதம் ஐயாயிரம் கிடைத்தால் பகுதி நேர வேலையை விட்டுவிட்டு மதியம் நூலகம் போவேன்" என்று பதில் சட்டென்று வந்தால் தடை நிஜம். பதிலுக்குப் பதிலாக இன்னொரு தடை முளைத்தால், முதலில் சொன்னது வேறெதையோ மறைக்கிறது.

நிஜமான தடைக்கு மனப்பயிற்சி மருந்தாகாது, வெளியே உதவி தேட வேண்டும். 2023-24 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட நான் முதல்வன் ஊக்கத்தொகைத் திட்டத்தில் 1,000 பேருக்கு முதல்நிலைக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம், முதல்நிலையில் தேறியவர்களுக்கு 25,000 ரூபாய் என்று வைத்தார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வ பயிலும் வட்டங்களில் டிஎன்பிஎஸ்சிக்கு இலவச வகுப்பு நடக்கிறது. "அங்கெல்லாம் நல்லா இருக்காது" என்று போய்ப் பார்க்காமலே சொல்கிறவருக்கு மட்டும் மேலே உள்ள 48 மணி நேரக் கேள்வியை இன்னொரு முறை கேட்கலாம்.

நிறுத்துவது என்பதும் தோல்வி மனப்பான்மை என்று பெயர் வாங்கிவிட்டது. எட்டாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாற முடிகிறவர்களின் மனநலம் மேலாக இருப்பதை 2003-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்க மோசமான நேரம், ரிசல்ட் வந்த மாலை. அன்றைக்கு ஒன்று எல்லாவற்றையும் எரித்துவிடத் தோன்றும், அல்லது இன்னும் ஐந்து வருடம் இருப்பேன் என்று சபதம் போடத் தோன்றும். அதற்கான நிபந்தனையை மாதிரித் தேர்வு அட்டவணையைப் போடும் அன்றே எழுதி வையுங்கள்: எந்த வயது வரை, எத்தனை முழுத் தேர்வு எழுதியும் எவ்வளவு மதிப்பெண்ணுக்குக் கீழ் நின்றால், அதன் பிறகு எந்தத் தேர்வு அல்லது எந்த வேலை. அரசியலமைப்பு, வரலாறு, பொருளாதாரம் என்று படித்ததில் பெரும்பகுதி குரூப் 1, குரூப் 2 பாடத்திட்டத்திலும் இருக்கிறது. திறனறிவு வங்கித் தேர்வுக்கும் எஸ்எஸ்சிக்கும் உதவும். அந்தத் தாளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ரிசல்ட் வந்த மாலை அவர் அதை எடுத்து நீட்டினால் போதும்.